முடிச்சை அவிழ்த்துத் தந்த கைகளுக்கு

எங்களுக்காக வேண்டிக்கொண்ட, ஓடிவந்த, காத்திருந்த அனைவருக்கும் வணக்கம்.

நேற்று முன்தினம் மாலை, மருத்துவர் எங்கள் மகளின் தலையைக் காந்தப்புலத்தால் எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேன் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டி, மூளைக்குள் நீர் தேங்கும் அறைகளான மூளையறைகளின் அகலம் கருவில் அளந்ததைவிடக் கூடவில்லை என்றும் வேறு குறை எதுவும் தென்படவில்லை என்றும் சொன்னார். வளர்ச்சியைத் தொடர்ந்து கவனித்துவர வேண்டும் என்று அவர் சேர்த்துச் சொன்னதையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் கருவுற்ற இருபதாவது வாரத்து ஸ்கேனில் அந்த அறைகள் இயல்பைவிட அகன்றிருக்கின்றன என்று கேட்டபோது நெஞ்சில் ஏறிய பாரம் அன்றுதான் இறங்கியது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். மனத்தின் ஈரம் காய்வதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, பதற்றத்தில் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்ட ஒருவருக்கு. எம்ஆர்ஐ பிரிவில் பணியாற்றும் மலாய்ச் சகோதரி அவர்.

மூன்று மாதக் குழந்தைக்கு மயக்க மருந்து இல்லாமலே படம் எடுத்துவிடலாம் என்று முன்பே விளக்கியிருந்தார்கள். பசியோடு அழைத்து வந்து, எடுப்பதற்குச் சற்று முன் வயிறு நிறையப் பால் கொடுத்து, காதுகளை மூடி, துணியில் இறுகச் சுற்றி, காற்றை உறிஞ்சியதும் உடலோடு ஒட்டிக்கொள்ளும் மெத்தைக்குள் படுக்கவைத்தால் குழந்தை தானாக உறங்கிவிடும். அந்த ஓர் உறக்கத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும். உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது என்பதால் வளையல், கொலுசு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றியிருந்தோம். இடுப்பில் கிடந்த கறுப்பு அரைஞாண்கயிறும் அதில் கோத்திருந்த வெள்ளித் தாயத்தும் யார் நினைவுக்கும் வரவில்லை.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு, குழந்தை பிறந்த முப்பதாம் நாள் என் அம்மா தம் கையால் கட்டிய கயிறு அது. குளிப்பாட்டும்போதெல்லாம் நனைந்து நனைந்து முடிச்சு கல்லாகியிருந்தது. மகளோ பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தாள். வெளியே இன்னொரு குழந்தை காத்திருந்தது. "வெட்டிவிடுங்கள்" என்றார் என் கணவர். அவர் சொன்னதில் தவறில்லை. அம்மா எதுவும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதை அந்தச் சகோதரி கவனித்தார். எடுத்த கத்தரிக்கோலைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, கையுறைகளைக் கழற்றிக் கைகளைக் கழுவிக்கொண்டு, "தாக் அப்பா, மாக்சிக்" என்றார், பரவாயில்லை அம்மா என்று மலாயில். செம்பவாங்கில் மலாய்க் குடும்பங்களோடு வளர்ந்த அம்மாவுக்கு அதைப் பெயர்த்துச் சொல்ல ஆள் வேண்டியிருக்கவில்லை. பிறகு அவர் மண்டியிட்டு, துடித்துக்கொண்டிருந்த அந்தச் சின்ன வயிற்றை ஒரு கையால் வருடியபடி, மறு கையின் நகத்தால் நூலைக் கிள்ளிக் கிள்ளி நெகிழ்த்தினார். மூன்று முடிச்சுகள். முதலாவது அவிழவே வெகுநேரம் பிடித்தது. அவிழ்த்த கயிற்றைச் சிறிய பிளாஸ்டிக் பையில் இட்டு, மகளின் பெயர் ஒட்டிய சீட்டில் பேனாவால் 'நெனெக்' என்று எழுதி, அதாவது பாட்டியுடையது என்று எழுதி, அம்மாவின் உள்ளங்கையில் வைத்து மூடினார். படம் எடுத்து முடிந்ததும் மற்ற எதற்கும் முன்னால் கயிற்றைக் கட்டச் சொல்லி, மூன்றாம் முடிச்சு விழும்வரை கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார்.

மகள் நாற்பது நிமிடம் அசையாமல் உறங்கினாள். படங்கள் தெளிவாக வந்ததற்கு அதுவே காரணம் என்றார்கள்.

அம்மா பிறந்தது 1966இல், பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில். அந்த ஓராண்டில் மட்டும் அங்கே பிறந்த குழந்தைகள் 39,835. கிளாஸ்கோவில் இயன் டோனல்டும் அவருடைய குழுவினரும் 1958லேயே ஒலியலைகளால் கருவைப் படம்பிடித்துக் காட்டியிருந்தார்கள் என்றாலும், அப்படி ஒரு கருவி இருப்பதே என் பாட்டிக்குத் தெரியாது. பிள்ளையைக் கையில் வாங்கிய பிறகுதான் அதன் முகம் தெரியும். முன்கூட்டியே தெரிந்து மாதக்கணக்கில் தவிப்பதைவிட அதுவே மேல் என்று உறவினர் சிலர் ஆறுதலாகச் சொன்னார்கள். என்னால் அப்படி எண்ண முடியவில்லை. பத்து மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய மூளையறையின் அகலம் பன்னிரண்டாக இருக்கிறது என்று தெரிந்ததால்தான், பிறந்த மறுநாளே உச்சிக்குழியின் வழியாக அவள் தலையை ஸ்கேன் செய்து பார்க்க எல்லாம் ஆயத்தமாக இருந்தது.

இருபதாவது வாரத்தில் அந்த அளவை மூன்று முறை சரிபார்த்த ஸ்கேன் பணியாளருக்கும், வயிற்றுக்குள் அவள் புரள்வதற்குள் நொடிக்கணக்கில் படம்பிடித்த குழுவினருக்கும், கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டபோதும் முகம் சுளிக்காத மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், மூத்தவனைத் தம் பிள்ளையாகப் பார்த்துக்கொண்ட எங்கள் புளோக் அண்டை வீட்டாருக்கும், விடுப்புக்குக் காரணம் கேட்காத அலுவலகத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒரு சொல் மட்டும், இனி ஸ்கேன் அறைக்குப் போகவிருக்கும் தாய்மாருக்கு: ஸ்கேன் எடுப்பவர் பேசாமல் இருந்தால் கலங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அவர் அளந்துகொண்டிருப்பார்.

அம்மாவுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, மருத்துவர் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே தமிழில் விளக்கம் எழுதிவைத்த தாள்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றைத் திருத்தி, தமிழ் மட்டுமே அறிந்த பாட்டிமார் உள்ள எந்தக் குடும்பம் கேட்டாலும் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பேன். வேண்டுமானால் உடன் உட்கார்ந்து படித்தும் காட்டுவேன்.

அந்தச் சகோதரியை அறிந்தவர் யாரேனும் இதைப் படித்தால், அவரிடம் சொல்லுங்கள்: 'நெனெக்' என்று எழுதிய அந்தச் சீட்டை அம்மா பையிலிருந்து உரித்தெடுத்து, சாமி மாடத்தில் குங்குமச் சிமிழுக்கு அருகில் ஒட்டிவைத்திருக்கிறார்.

நன்றியுடன்,
தெம்பனிஸிலிருந்து ஒரு தாய்