உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்த சிஸ்டருக்கும் மற்றவர்களுக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

ஏழு மாதத்துக்குப் பிறகு நேற்றுதான் என் மனைவி மறுபடி வேலைக்குப் போனாள். அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

முதல் நன்றி ஆட்டோ அண்ணனுக்கு. ஐப்பசி மழையில், ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டியதும் சட்டைகூடப் போடாமல் வண்டியை எடுத்தீர்கள். அவளுக்கு வாந்தி நிற்கவில்லை, எழுந்து நிற்கவே முடியவில்லை.

அதற்கு முன் நான்கு மாதம் அலைந்திருந்தோம். ஓரிடத்தில் அல்சர் என்றார்கள், இன்னோரிடத்தில் மனச்சோர்வு. எட்டு கிலோ இளைத்துவிட்டாள். முகம் கறுத்ததை வெயில் என்றே நினைத்தோம்.

அவசரப் பிரிவு சிஸ்டர் அக்கா, ஊசி போட நரம்பு தேடும்போது அவள் கையைத் திருப்பிப் பார்த்தீர்கள். உள்ளங்கை ரேகைகள் மையால் கோடு இழுத்தது மாதிரி கறுத்திருந்தன. வாயைத் திறக்கச் சொல்லி ஈறையும் பார்த்தீர்கள். "உப்பு அதிகமா சாப்பிடுறாங்களா?" என்று கேட்டீர்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. கூட வந்த பக்கத்து வீட்டு அத்தைதான், "நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டுக் கேட்டு வாங்கிட்டுப் போவா, மோரில் உப்பை அள்ளிப் போடுவா" என்றார். அத்தை, அன்று நீங்கள் வராமல் இருந்திருந்தால் அதைச் சொல்ல ஆளே இல்லை.

டியூட்டி டாக்டர் கார்ட்டிசால் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திருக்காமல் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் சலைனும் ஏற்றினார். விடியும்போது காபி கேட்டாள்.

அடிசன் நோய். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கெட்டு, உயிருக்குத் தேவையான கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்காமல் போவது. ரேகையும் ஈறும் கறுத்தது, உப்புக்கு ஏங்கியது எல்லாம் இதன் அறிகுறிகள்தான். அவளுக்குக் காரணம் காசநோய். 1855இல் லண்டனில் தாமஸ் அடிசன் இதை விவரித்தபோதும் பல நோயாளிகளுக்குக் காசநோய்தான் காரணம். அப்போது மருந்து கிடையாது. 1940களின் கடைசியில் கார்ட்டிசோன் மருந்து வந்த பிறகுதான் பிழைத்தார்கள்.

ஹார்மோன் டாக்டர் மருந்துச்சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டியதை இன்னும் வைத்திருக்கிறேன். ஐரோப்பியக் கணக்குப்படி பத்தாயிரம் பேரில் சுமார் ஒருவருக்கு வருகிற நோய். ஆனால் அந்த ஹார்மோனுக்குப் பதிலாக மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து தீர்வதில்லை. ஜெர்மனியில் தொடர்ந்து கவனித்ததில், வருடத்துக்கு 100 பேருக்கு எட்டுத் தடவை இப்படி நெருக்கடி வந்தது. வருடத்துக்கு 200 பேரில் ஒருவர் அதிலேயே இறந்தார். சாதாரணக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ போதும். காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தி எடுத்தால் ஊசிதான். டாக்டர், அவசரமே இல்லாமல் முக்கால் மணி நேரம் இதையெல்லாம் சொன்னீர்கள். வெளியே அவ்வளவு கூட்டம் காத்திருந்தது.

மெடிக்கல் கடைத் தம்பிக்கு நன்றி. எங்கள் ஊரில் அந்த மாத்திரை கிடைக்காது. மதுரையிலிருந்து வரவழைத்து, எப்போதும் ஒரு அட்டையைத் தனியே எடுத்து வைக்கிறாய்.

அப்புறம் என் அம்மா. அறுபத்தெட்டு வயதில் சாத்துக்குடிப் பழத்தில் குத்திக் குத்தி ஊசி போடப் பழகினார். போன மாதம் நான் வெளியூரில் இருந்தபோது அவளுக்கு வாந்தி வந்தது. அம்மாவே தொடையில் ஊசியைப் போட்டுவிட்டு, ஆட்டோ அண்ணனைக் கூப்பிட்டு, அதற்கப்புறம்தான் எனக்குப் போன் செய்தார்.