ஸ்கைநெட்டுக்கு ஒரு காரணம் இருந்தது

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் டெர்மினேட்டர் பட வரிசை பற்றி வந்த கட்டுரை, ஆறு படங்களின் கதையையும் சொல்லிவிட்டு, "காலப் பயணக் கதைகளில் லாஜிக் பார்க்கக் கூடாது" என்று முடித்திருந்தது. 1984-ல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த முதல் படத்துக்கு அந்த வரி அநியாயம். இந்த வரிசையில் எங்கே எது உடைந்தது என்பதைத் துல்லியமாகவே சொல்லலாம். அப்படிச் சொன்னால்தான் எது மன்னிக்கத்தக்க பிழை, எது மன்னிக்க முடியாதது என்பதும் புரியும்.

முதல் படத்தின் விதிகளெல்லாம் காவல் நிலைய விசாரணைக் காட்சியில் வந்துவிடுகின்றன. 2029-லிருந்து வந்த போர்வீரன் கைல் ரீஸ் மனநல மருத்துவர் சில்பர்மனிடம் சொல்பவை இவை. மனிதரை அழிக்கக் கிளம்பிய ராணுவக் கணினியான ஸ்கைநெட் போரில் தோற்றுவிட்டது. அந்த நேரத்தில் மனிதப் படையின் தலைவன் ஜான் கானரைக் கொன்றாலும் பயனில்லை. அவன் பிறந்த சுவடே இல்லாமல் செய்தால்தான் உண்டு. அதனால் அவன் தாய் சாரா கானரைக் கொல்ல டெர்மினேட்டர் என்ற இயந்திரத்தை 1984-க்குப் பின்னோக்கி அனுப்புகிறது. போரில் ஆவணங்கள் அழிந்துபோனதால் தாயின் பெயரும் ஊரும் தவிர அதற்கு எதுவும் தெரியாது. உயிருள்ள உடல்தான் காலத்தைக் கடக்கும். ஆயுதம் கொண்டுவர முடியாது. இயந்திரம் தசை போர்த்தி வந்ததற்கும் அதுவே காரணம்.

இந்த அறியாமைதான் கதையை ஓட்டுகிறது. பெயரும் ஊரும் மட்டுமே தெரிந்த இயந்திரம் டெலிபோன் டைரக்டரியைத் திறந்து, அதிலுள்ள சாரா கானர்களை வரிசையாகக் கொல்கிறது. ஒரே பெயர்கொண்ட இரண்டு பெண்கள் ஒரே நாளில் செத்தது தொலைக்காட்சியில் செய்தியாகிறது. அதைப் பார்த்துத்தான் நம் சாரா உஷாராகி, ஒரு நடனக் கூடத்துக்குள் நுழைந்து போலீஸுக்குப் போன் செய்கிறாள். வீட்டிலிருக்கும் தோழிக்காக ஆன்சரிங் மெஷினில் விட்ட தகவலை அங்கே நிற்கும் இயந்திரம் கேட்டுவிடுகிறது. கொலையாளியின் குறை அவளைக் காப்பாற்றுகிறது, அவளுடைய எச்சரிக்கையே அவளைக் காட்டிக்கொடுக்கிறது. எந்த இடத்திலும் தற்செயலை நம்பி நகராத திரைக்கதை இது. ஸ்கைநெட் எதைச் செய்தாலும் அதற்கு ஒரு தேவை இருக்கிறது. அது எதைச் செய்யவில்லையோ அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது.

கட்டுரையாளர் ஸ்கைநெட்டை "மனித குலத்தை வெறுக்கும் கம்ப்யூட்டர்" என்கிறார். முதல் இரண்டு படங்களிலும் வெறுப்பு என்ற பேச்சே கிடையாது. முதல் படத்தில் கைல் சொல்வது: பாதுகாப்பு வலைப்பின்னலின் கணினி திடீரென்று அறிவு பெற்றது, எதிரி நாட்டினரை மட்டுமல்ல, மனிதர் எல்லாரையுமே ஆபத்தாகக் கண்டது, கண்ணிமைப்பதற்குள் முடிவெடுத்தது. 1991-ல் வந்த இரண்டாம் படத்தில், சிறுவன் ஜானைக் காக்க வந்த இயந்திரம் சொல்லும் கதை இன்னும் விரிவானது. 1997 ஆகஸ்ட் 4 அன்று ஸ்கைநெட் இயக்கத்துக்கு வருகிறது. ஆகஸ்ட் 29 அதிகாலை 2:14-க்குத் தன்னுணர்வு பெறுகிறது. பயந்துபோன மனிதர்கள் அதை நிறுத்தப் பார்க்கிறார்கள். அது தற்காத்துக்கொள்ள ரஷ்யா மீது ஏவுகணைகளை வீசுகிறது. ரஷ்யாவின் பதிலடி இங்கேயுள்ள தன் எதிரிகளை அழித்துவிடும் என்பது அதன் கணக்கு. முன்னூறு கோடிப் பேர் சாகிறார்கள். முதல் கதையில் அது தானாக முடிவெடுக்கிறது, இரண்டாவதில் உயிர் தப்பப் பார்க்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

இதை முரண்பாடு என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. யார் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கைல் போரைப் பார்த்தவன் அல்லன், அதற்குப் பின் இடிபாடுகளில் வளர்ந்தவன். கணினி அறிவு பெற்றதை "அப்படிச் சொல்கிறார்கள்" என்றுதான் கூறுகிறான். இரண்டாம் படத்தில் பேசுவது ஸ்கைநெட் செய்த இயந்திரம். அதன் நினைவகத்தில் உள்ளதைச் சொல்கிறது. "இனி யாரும் வரமாட்டார்கள், அந்த இயந்திரமும் நானும்தான்" என்று கைல் சொன்னதும் இதே மாதிரிதான். தனக்குப் பின்னால் காலப் பயணக் கருவியைத் தகர்த்துவிடுவார்கள் என்று நம்பி வந்தவன் அவன். வந்த பிறகு அங்கே நடந்ததை அவனால் அறிய முடியாது. பாத்திரத்துக்குத் தெரிந்ததையும் கதைக்குத் தெரிந்ததையும் பிரித்துப் பார்த்தால், 'ஓட்டை' என்று பட்டியலிடப்படுவதில் பெரும்பகுதி தானாக மூடிக்கொள்ளும்.

மூடாத ஓட்டைகளும் உண்டு. இரண்டாம் படத்தில் ஜானைக் கொல்ல வரும் டி-1000 என்ற இயந்திரம் முழுக்கத் திரவ உலோகம். உயிருள்ள தசை அதில் துளியும் இல்லை. அது எப்படிக் காலத்தைக் கடந்தது என்பதற்குப் படத்தில் ஒரு வரி விளக்கமும் கிடையாது. இன்னொன்றும் உண்டு. முதல் படத்தின் முடிவில் அழுத்து இயந்திரத்தில் நசுங்கிய டெர்மினேட்டரின் கையும் சிப்பும்தான் ஸ்கைநெட்டை உருவாக்கும் சைபர்டைன் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கு விதை. இரண்டாம் படத்தின் முடிவில் உருக்காலையில் அவற்றை உருக்கில் போட்டு, ஜானைக் காக்க வந்த இயந்திரத்தையும் அது கேட்டுக்கொண்டபடி சாரா உருக்கில் இறக்குகிறாள். ஆனால் சில நிமிடங்களுக்கு முன்பு அதே ஆலையில் ஒரு பற்சக்கரத்தில் சிக்கிய தன் கையை அது பிய்த்துக்கொண்டு வந்ததே! அந்தக் கையை யாரும் எடுத்ததாகக் காட்டவில்லை. ஸ்கைநெட் மறுபடி எப்படி உருவானது என்பதற்கு ஆயத்தமான விடை அந்தப் பற்சக்கரத்தில் கிடந்தது. 2003-ல் வந்த மூன்றாம் படம் அதைத் தொடவே இல்லை. ஸ்கைநெட்டை அமெரிக்க விமானப் படையின் ஆராய்ச்சிப் பிரிவிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டது. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

தேதிகளில் மூன்றாம் படம் மோசமாகத் தடுமாறுகிறது. இரண்டாம் படத்தில் போலீஸ் கம்ப்யூட்டர் திரையில் ஜானின் பிறந்த நாள் 1985 பிப்ரவரி 28 என்றும் வயது 10 என்றும் தெளிவாக வருகிறது. கதை நடப்பது 1995. மூன்றாம் படத்தில் வளர்ந்த ஜான், டி-1000 தன்னைக் கொல்ல வந்தபோது தனக்கு வயது 13 என்கிறான். அப்படியானால் அது 1998. 1997 ஆகஸ்ட் 29 அதற்குள் கடந்துபோயிருக்கும். வரப்போகும் அந்த நாளுக்காக இரண்டாம் படம் முழுக்கச் சாரா பதறியதற்குப் பொருளே இல்லாமல் போய்விடும். சாராவின் கல்லறையில் 1959–1997 என்று பொறித்திருக்கிறார்கள். இரண்டாம் படத்தில் அதே சில்பர்மன் அவளை 29 வயதுப் பெண் என்று மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துகிறார். 1959-ல் பிறந்தவளுக்கு 1995-ல் 35 தாண்டியிருக்க வேண்டும். முதல் படமும் இதில் சுத்தமில்லை. "மே 12, வியாழன்" என்று போலீஸ்காரர் கைலிடம் சொல்கிறார். 1984 மே 12 சனிக்கிழமை.

ஆனாலும் மூன்றாம் படத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அதில் பாத்திரங்களின் நோக்கம் சரியாக இருக்கிறது. ஜான் முகவரியில்லாமல் திரிகிறான். ஸ்கைநெட்டால் அவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எனவே எதிர்காலத்தில் அவனுக்குத் தளபதிகளாக வரப்போகிறவர்களை இளம் வயதிலேயே கொல்ல டி-எக்ஸ் என்ற இயந்திரத்தை அனுப்புகிறது. தகவல் குறைந்த ஸ்கைநெட், கிடைத்த தகவலுக்கேற்ற திட்டம். டைரக்டரியைப் புரட்டிய அதே மூளை. காக்க வந்த இயந்திரத்தை அனுப்பியவள், எதிர்காலத்தில் ஜானின் மனைவியாகும் கேட் புரூஸ்டர். அது அவள் உத்தரவுக்குத்தான் கட்டுப்படும். போரைத் தடுப்பது அதற்கு இட்ட வேலையே அல்ல, அவர்கள் இருவரையும் உயிரோடு வைத்திருப்பதுதான். ஜான் போரைத் தடுக்கப் போவதாக நினைத்துக்கொண்டு நிலவறைக்குள் போய்ச் சேர்வது இதனால்தான். அந்த முடிவு பார்ப்பவரை உலுக்குகிறதென்றால், யாருக்கு என்ன கட்டளை என்பதைப் படம் மறக்காமல் வைத்திருந்ததுதான் காரணம்.

2009-ல் வந்த நான்காம் படத்தில் இது தலைகீழ். கதை நடப்பது 2018. ஆண்டுக் கணக்கில் பெரிய உறுத்தல் இல்லை. உடைந்தது ஸ்கைநெட்டின் புத்தி. அதன் கொலைப் பட்டியலில் ஜான் கானர் இரண்டாமிடம். முதலிடம், இன்னும் சிறுவனாக இருக்கும் கைல் ரீஸுக்கு. கைல்தான் ஜானின் தந்தை என்று ஸ்கைநெட்டுக்குத் தெரிந்திருந்தால்தான் இந்த வரிசைக்குப் பொருள் உண்டு. சரி, எப்படியோ தெரிந்துகொண்டது என்றே வைத்துக்கொள்வோம். சாரா மனநலக் காப்பகத்தில் இருந்தபோது பதிவுசெய்த வீடியோக்கள் எங்காவது தப்பியிருக்கலாம் என்று சமாதானம் சொல்ல இடமிருக்கிறது. ஆனால் கைலைப் பிடித்துத் தன் கோட்டைக்குள்ளேயே அடைத்த பிறகு என்ன செய்கிறது? ஜானை வரவழைக்கும் தூண்டிலாக உயிரோடு வைத்திருக்கிறது! தந்தையைக் கொன்றால் மகன் பிறக்கவே போவதில்லை. ஒரே ஒரு மாற்றம் போதும்: கைல் யாரென்று ஸ்கைநெட்டுக்குத் தெரியாது, ஜான் அவனைத் தேடுகிறான் என்பது மட்டுமே தெரியும் என்று எழுதியிருந்தால் தூண்டில் திட்டம் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். பட்டியலில் முதலிடம் கொடுத்த அந்த ஒரு வசனம் எல்லாவற்றையும் கெடுத்தது. தேதிப் பிழையைப் பார்ப்பவர் மறந்துவிடுவார். வில்லன் காரணமில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், அதற்குப் பிறகு எந்த ஆபத்தையும் அவர் நம்பமாட்டார்.

2015 படத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 1973-ல் சிறுமி சாராவைக் காக்க ஓர் இயந்திரத்தை அனுப்பியது யார் என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, விடை சொல்லாமலே படம் முடிந்துவிடுகிறது.

2019 படத்தைக் கட்டுரையாளர் "ஜானைக் கொன்று தொடர்ச்சியைக் குலைத்த படம்" என்கிறார். தொடர்ச்சி அங்கே குலையவில்லை. அது இரண்டாம் படத்திலிருந்து நேராகத் தொடர்கிறது, நடுவில் வந்த மூன்று படங்களையும் கணக்கில் எடுக்கவில்லை. ஜான் குவாதமாலாவில் கொல்லப்படுவது 1998-ல். 1985-ல் பிறந்தவனுக்கு அப்போது 13 வயது, கணக்குச் சரி. ஸ்கைநெட் பிறக்காமலே போனாலும் அது முன்பே அனுப்பிய இயந்திரம் கட்டளையை முடிக்கிறது. கட்டளை முடிந்தபின் செய்வதற்கு எதுவுமில்லாமல் நின்ற அந்த இயந்திரம் மனிதரோடு வாழ்ந்து, கார்ல் என்ற பெயரில், தான் செய்தது என்னவென்று உணர்கிறது. எனக்கு அது இந்த வரிசையின் மிக நேர்மையான கற்பனைகளில் ஒன்று.

இதில் ஒரு சிக்கல், நீங்கள் இரண்டாம் படத்தின் எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. 137 நிமிடத் திரையரங்கப் பதிப்பில், மனிதரோடு பழகப் பழகத் தான் கற்றுக்கொள்வதாக இயந்திரம் சொல்வதோடு சரி. அதைவிடச் சுமார் கால் மணி நேரம் நீளமான சிறப்புப் பதிப்பில் வேறு காட்சி உண்டு: இயந்திரங்களைத் தனியே அனுப்பும்போது அவை கற்காதபடி ஸ்கைநெட் சிப்பைப் பூட்டியே அனுப்புகிறது, தலையைத் திறந்து சிப்பை வெளியே எடுத்துச் சாராவும் ஜானும் பூட்டை நீக்குகிறார்கள். சிப்பைச் சுத்தியலால் நொறுக்க ஓங்கும் சாராவை ஜான் தடுக்கும் அந்தக் காட்சியை ஏற்றால், கார்ல் தானாகக் கற்றிருக்க வழியில்லை. திரையரங்கப் பதிப்பை ஏற்றால் தடையே இல்லை. உருக்காலையில் டி-1000 கோளாறாகி, அதன் கால் தரையோடு ஒட்டுவதும் சிறப்புப் பதிப்பில்தான் இருக்கிறது. எதிரே நிற்கும் இரண்டு சாராக்களில் போலியை ஜான் கண்டுபிடிப்பது அந்தக் காலைப் பார்த்துத்தான். இரண்டு பதிப்புகளையும் கலந்து விமர்சித்தால் இல்லாத முரண்கள் தோன்றும். உங்கள் கட்டுரையில் அது நடந்திருக்கிறது.

2008–09-ல் வந்த 31 பகுதித் தொலைக்காட்சித் தொடரைக் கட்டுரை விட்டுவிட்டது. அது மூன்றாம் படத்தை ஒதுக்கி, அணுப்போர் மூளும் அழிவு நாளை 2011 ஏப்ரல் 21-க்குத் தள்ளுகிறது. இயந்திரங்களுக்குள்ளேயே நோக்கங்கள் பிரிவதை அவ்வளவு விரிவாகப் படங்கள் எதுவும் தொட்டதில்லை.

புதிதாகப் பார்க்க விரும்புவோருக்காக, அடுத்த இணைப்பில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாவது போடுங்கள். முதலில் 1984, அடுத்து 1991 திரையரங்கப் பதிப்பு. அதன்பின் மூன்று தனி வழிகள்: 2003-ம் 2009-ம் ஒரு வழி, தொலைக்காட்சித் தொடர் ஒரு வழி, 2019 ஒரு வழி. 2015 படம் இவை எதனோடும் சேராது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஒரு வழியில் நடப்பதை வைத்து இன்னொன்றை எடைபோட வேண்டாம் என்பதையும், 2019 படம் பற்றிய அந்த வரிக்கான திருத்தத்தையும் அதோடு சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை