மது மீட்புக் கூட்டங்களின் சரிபார்த்த பட்டியல் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்: குடிநோயிலிருந்து மீண்டுவரும் ஒருவர் (பெயரும் முகவரியும் தனி உறையில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்: மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்

பொருள்: சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரிடம் உள்ளூர் மது மீட்புக் கூட்டங்களின் சரியான பட்டியலை வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குடிநோய்க்கு இருமுறை உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்று, இரண்டாண்டுகளுக்கு மேலாக மதுவைத் தொடாமல் இருந்துவரும் நான் இம்மனுவைத் தங்கள் மேலான பார்வைக்குச் சமர்ப்பிக்கிறேன். பெயரைத் தனி உறையில் வைத்திருப்பது வெட்கத்தினால் அன்று. குடிநோயாளிகள் கூட்டங்களில் கூடிப் பேசி, மதுவை விலக்கியிருக்க ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. அமைப்பின் உறுப்பினர்கள் பொதுவெளியில் முழுப்பெயருடன் தம்மைக் காட்டிக்கொள்வதில்லை என்பது நெடுநாள் மரபு. மனு பல மேசைகளைக் கடந்து போகும் என்பதால் அம்மரபை இங்கும் கடைப்பிடிக்கிறேன்.

முதல்முறை சிகிச்சை முடிந்து வெளியேறிய நாளில் மருந்துச் சீட்டும் மறுபரிசோதனைத் தேதியும் தந்தார்கள். "கூட்டத்துக்குப் போய்வாருங்கள்" என்றார் ஆலோசகர். எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்காம் நாள் மாலை, அறிவிப்புப் பலகையில் குறித்துக்கொண்ட முகவரியைத் தேடிப் போனேன். கதவு பூட்டியிருந்தது. அதில் ஒட்டியிருந்த தாள் வெயிலில் பாதி வெளுத்திருந்தது. மீதிப் பாதியில் தெரிந்த தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை. "அந்தக் கூட்டம் வேற இடத்துக்குப் போயி ரொம்ப நாளாச்சு சார், எங்கேன்னு தெரியாது" என்றார் காவலாளி. திரும்பும் வழியில் குடித்தேன். குடித்தது என் கைதான், கதவின்மீது பழிபோடவில்லை. ஆயினும் அது திறந்திருந்தால் அந்த ஒரு மணி நேரமாவது உள்ளே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். இரண்டாம் முறை சேர்ந்தபோது, பக்கத்துக் கட்டில்காரர் தம் மாத்திரை அட்டையின் பின்புறத்தில் கிழமையும் நேரமும் இடமும் எழுதிக் கொடுத்தார். இன்றுவரை நான் போய்வருவது அந்தக் கூட்டத்துக்குத்தான்.

ஏ.ஏ. இயக்கமே சுவரில் தொங்கிய ஒரு பட்டியலிலிருந்து தொடங்கியது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். 1935 மே மாதம், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பில் வில்சன், வியாபாரக் காரியம் கைகூடாமல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஓர் ஓட்டல் முகப்பில் நின்றார். மதுக்கூடம் அருகிலேயே இருந்தது. அவர் அங்கே போகாமல், முகப்பிலிருந்த தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். அந்த அழைப்பின் வழியாகத்தான் மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். இருவருமாகத் தொடங்கியதே ஏ.ஏ. அந்தப் பட்டியலில் இருந்த எண்கள் பழையவையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

கூட்டங்களால் பயன் உண்டா என்ற ஐயம் எழலாம். 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளை ஒப்பிட்டு மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, நோயாளிகளை முறைப்படி ஏ.ஏ.வுடன் இணைக்கும் சிகிச்சைகள், தொடர்ந்து மதுவை விலக்கியிருக்கச் செய்வதில் மற்ற சிகிச்சைகளைவிட மேலான பலன் தருவதாகக் கண்டது. 'முறைப்படி இணைக்கும்' என்பதுதான் இங்கு முக்கியம். "போய்வாருங்கள்" என்ற ஒரு சொல் அதில் சேராது.

எனவே, தங்கள் கட்டுப்பாட்டிலுள்ள ஒவ்வொரு மருத்துவமனையிலும், வீடு திரும்பும் நோயாளியின் மருந்துச் சீட்டோடு கூட்டங்களின் பட்டியலையும் சேர்த்துக் கொடுக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். இடம், கிழமை, நேரம், பேசப்படும் மொழி, குடிநோயாளிகளுக்கு மட்டுமான மூடிய கூட்டமா, யாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா என்பவற்றோடு, அத்தகவலைக் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் அதில் இருக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊழியர் ஒருவர் ஒவ்வொரு குழுவையும் அழைத்துக் கேட்டால் போதும். பெண்களுக்கான கூட்டங்களும், குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டங்களும், ஏ.ஏ.வின் ஆன்மிகச் சாயல் ஒத்துவராதவர்களுக்கான பிற குழுக்களும் விடுபடக் கூடாது.

கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று அன்று. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்து உயிருக்கே ஆபத்தான மனக்குழப்பமும் நடுக்கமும் தோன்றலாம். ஆகவே அதே தாளில் அவசர சிகிச்சைக்கான எண்ணையும் அச்சிட வேண்டுகிறேன்.

மாலை வேளையில் காலியாகக் கிடக்கும் அரசுக் கட்டட அறைகளைக் குழுக்களுக்கு ஒதுக்கினால் இடம் மாறிக்கொண்டே இருப்பதும் குறையும். அறையை இலவசமாகத் தரவேண்டாம் என்பது சற்று வியப்பாகத் தோன்றலாம். ஏ.ஏ. குழுக்கள் வெளியாரிடம் நன்கொடை பெறுவதில்லை. உறுப்பினர்கள் தாமாகப் போடும் காசிலிருந்து ஒரு சிறு வாடகையைக் கொடுத்துவிடுவார்கள்.

முதல் பட்டியலுக்கு வேண்டிய தொலைபேசி அழைப்புகளை நானே செய்து தரத் தயாராக உள்ளேன். ஆனால் பட்டியல் அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கவேண்டும். தனியொருவன் கையில் இருந்தால், அவன் ஊர் மாறும் நாளில் அந்தத் தாளும் கதவிலேயே வெளுத்துப்போகும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம் தனி உறையில்)