வாய்க்கால் பாசனதாரர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு உரிய காலத்தில் கூடியது. பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. தூர்வார மனு கொடுத்தோம். ஒரு பகுதி வேலை முடிந்தது.

வடிகால் நீர்ச் சோதனை பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் அடிக்கும் மருந்து மடை வழியே வடிகாலுக்கும், அங்கிருந்து வெண்ணாற்றுக்கும் போகிறது. மழையில் முதலில் வடியும் தண்ணீரில்தான் அது மிகுதி. மழை விட்டபின் மொண்டால் பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் ஐப்பசி மழையில் இரவென்றும் பாராமல் பழுப்புக் கண்ணாடிப் புட்டிகளோடு மதகடிக்குப் போனோம். ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். வண்டிச் செலவு எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

பியூட்டகுளோர் களைக்கொல்லி தென்பட்டது. இந்தியக் குடிநீர்த் தரத்தில் அதற்கு வரம்பு லிட்டருக்கு 125 மைக்ரோகிராம், அதற்குள்தான் இருந்தது. உடனே, பணம் வீண் என்கிறார்கள் சிலர். நான் ஏற்கவில்லை. அந்த வரம்பு மனிதர் குடிப்பதற்கு வகுத்தது, மீனுக்கு அல்ல. சைபர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே நீர்ப்பூச்சிகளும் இறால் குஞ்சும் சாகும். அது தண்ணீரைவிடச் சேற்றில்தான் ஒட்டிக் கிடக்கும். சேற்றைச் சோதிக்க நம்மிடம் பணம் இல்லை.

காரணம் சந்தா பாக்கி. பலர் இரண்டாம் ஆண்டாகக் கட்டவில்லை, கூட்டத்துக்கும் வருவதில்லை. அதைவிட வருத்தம், மருந்தின் பெயரும் அடித்த தேதியும் குறித்துத் தரச் சொல்லி வீடு வீடாகக் கொடுத்த தாள்களில் திரும்பி வந்தவை சொற்பம். எதைத் தேடுவதென்று சொன்னால்தான் ஆய்வகம் தேடும். யாரையும் காட்டிக்கொடுக்க அல்ல. பெயர்கூட எழுத வேண்டாம், மடை எதுவென்று தெரிந்தால் போதும்.

வரவு செலவு பொருளாளர் வாசித்தபடியே, கையிருப்பு குறைவு. தணிக்கை முடிந்ததும் பலகையில் ஒட்டப்படும்.

இரவில் உடன்வந்த இளைஞர்களுக்கும், ஐஸ் கொடுத்த மீன் வியாபாரிக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

வரும் ஆண்டு மருந்து அடித்ததும் சில நாள் மடையை அடைத்துவையுங்கள். கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ பகுதியில் 1980களின் தொடக்கத்தில் மோலினேட் களைக்கொல்லியால் நெல் வடிகால்களில் கெண்டை மீன்கள் செத்தன. வயலிலேயே தண்ணீரைத் தேக்கிவைக்க விதி வந்தபின் ஆற்றில் அந்த மருந்தின் அளவு வெகுவாகக் குறைந்தது. இதற்குச் செலவு இல்லை. சோதனைக்கு உண்டு, ஆய்வகக் கட்டணத்தைக் குறுவைக்கு முன்பே கட்டியாக வேண்டும். பொறுப்பில் தொடர எனக்குச் சம்மதமே, ஆனால் மழை இரவுகளுக்கு இன்னும் ஆட்கள் வேண்டும். ரசீதுப் புத்தகம் பொருளாளர் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பாக்கியைக் கட்டலாம்.

செயலாளர்