ஞாயிறு உரையாடல்: அத்தியாவசியப் பணியாளர்கள்

எல்லாருக்கும் வணக்கம்.

இந்த ஞாயிறு மாலை 6 மணிக்குக் குழு அழைப்பில், நெருக்கடிக் காலத்தில் ஊரை இயங்க வைப்பவர்களைப் பற்றிப் பேசப்போகிறோம். மருத்துவர், செவிலியர் என்று இரண்டு பேரோடு பேச்சு நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த முன்குறிப்பு.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2023-இல் 90 நாடுகளின் தரவுகளை வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. வேலை செய்வோரில் சுமார் 52 சதவீதம் பேர் அத்தியாவசியப் பணிகளில் இருப்பவர்களாம். விவசாயி, கடை ஊழியர், துப்புரவுப் பணியாளர், ஓட்டுநர், காவலாளி எல்லாரும் இதில் அடக்கம். ஆனால் இவர்களில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் மற்ற ஊழியர்களைவிடச் சராசரியாக 26 சதவீதம் குறைவாகவே வாங்குகிறார்கள். படிப்பும் அனுபவமும் இந்த இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் விளக்குகின்றன. மீதி எதனால்? அதைத்தான் முக்கியமாகப் பேச வேண்டும்.

2020-இல் கைதட்டல் தாராளமாகக் கிடைத்தது (அதற்குச் செலவில்லையே!). சம்பளத்துடன் நோய் விடுப்பு பலருக்குக் கிடைக்கவில்லை. விடுப்பு எடுத்தால் கூலி போகும் என்றால் காய்ச்சலோடும் வேலைக்கு வரத்தான் செய்வார்கள். தொற்றும் கூடவே வரும். என்னைக் கேட்டால் அந்த விடுப்பு சலுகையே அல்ல, நோய்த்தடுப்பு.

2020 ஜனவரி முதல் 2021 மே வரை கோவிடால் சுமார் 1,15,000 சுகாதாரப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

அப்புறம், இத்தகைய வேலையில் இருக்கும் நம் உறுப்பினர்கள் முதலில் பேசட்டும். பணிநேரம் இடித்தால் குரல் பதிவு அனுப்புங்கள், அழைப்பில் போடுகிறோம். வாழ்த்துப் படங்கள் மட்டும் வேண்டாம்.