கையெழுத்து மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

சிறைக்குப் பதிலாகச் சம்பளமில்லாத சமூக வேலை செய்யவும் உத்தியோகத்தரிடம் வந்து கையெழுத்திடவும் நீதிமன்றம் விதிக்கும் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையின் கீழுள்ள பெண்கள் மறுபடியும் நீதிமன்றப் படியேறுவது பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தி, கண்காணிப்பை இறுக்கச் சொல்கிறது. சரி, போதைப்பழக்கமும் மனச்சோர்வும் அடிவாங்கிய உடம்பின் நோவும் அப்படியே கிடக்க, கையெழுத்து வாங்கி என்ன பயன்? இத்தகைய பெண்களுக்கெனத் தனியான போதைச் சிகிச்சை சமூகத்திலேயே வேண்டும் என்று 2010இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட, பெண் கைதிகளையும் சிறைக்கு வெளியே தண்டனை பெறும் பெண்களையும் நடத்தும் முறை பற்றிய பாங்கொக் விதிகளும் சொல்கின்றன.

மூதூரில் நான் அறிந்த ஒருவருக்குத் திருகோணமலையில் கிளினிக் நாளும் கட்டளைப்படி வேலைக்குப் போகும் நாளும் ஒன்றாகவே விழுந்தன. கட்டளையை மீறப் பயந்து கிளினிக்கை விட்டார், மருந்தும் நின்றது. சீர்திருத்த உத்தியோகத்தர் முதற் சந்திப்பிலேயே கிளினிக் அட்டையை வாங்கிப் பார்த்து, அந்த நாளைத் தவிர்த்து வேலை நாளைக் குறிக்கலாம். இதற்குப் புதிய சட்டமோ பணமோ தேவையில்லை.

வாசகி ஒருவர்,
திருகோணமலை