ஆளில்லாப் பெட்டியும் வெள்ளைக் குதிரையும்

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இடக்கண்ணில் புரை அகற்றிய மறுநாள், வீட்டுக் கூடத்துச் சுவர் மஞ்சள் அல்ல, வெள்ளைதான் என்று கண்டு திகைத்துப்போனதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து, வெண்மையை வெகு சிக்கனமாகக் கையாண்ட ஒரு படத்தைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் என்று மனம் அரித்துக்கொண்டிருந்தது. அதன் அச்சுப் பிரதியையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

எரிக் ரவிலியஸ் என்ற ஆங்கில ஓவியர் 1940 வாக்கில் வரைந்த நீர்வண்ண ஓவியம் இது. மூலம் ஸ்காட்லாந்தில் அபர்டீன் கலைக்கூடத்தில் இருக்கிறது. மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டி ஒன்றின் உட்புறத்தைக் காட்டுகிறது. கதவில் 3 என்ற எண், சன்னலை ஏற்றி இறக்குவதற்கான தோல் வார், துணியின் நெசவுக் கோலம்கூடத் தெளிவாகத் தெரியும் இருக்கைகள் என எல்லாம் இருந்தும் பயணி மட்டும் இல்லை. வெளியே, வில்ட்ஷயர் வட்டாரத்தின் குன்றுச் சரிவில், வெஸ்ட்பரி வெள்ளைக் குதிரை என்னும் குன்று உருவம் சிறிதாக நின்றுகொண்டிருக்கிறது.

முதலில் பார்த்தபோது, நாள்காட்டிக்கு ஏற்ற இதமான படம் என்றுதான் நானும் நினைத்தேன். ஊரே போரில் எரியும்போது புல்வெளியை வரைந்துகொண்டிருந்தாரே என்று ஒரு சிறு எரிச்சல்கூட வந்தது. அந்த எண்ணத்தை மாற்றியது குதிரைதான். அந்தக் குன்றுகள் சுண்ணப் பாறையால் ஆனவை. மேலே புல் போர்த்தியிருக்கும். புல்லைச் செதுக்கி நீக்கினால் அடியிலுள்ள வெள்ளை தெரியும், அவ்வளவுதான் குதிரை. இன்றைய வடிவம் 1778இல் திருத்தி வெட்டப்பட்டது. பின்னர், 1950களில், அதன் மேல் சிமெண்ட் பூசிவிட்டார்கள் என்பது வேறு வருத்தம். ஆக, அங்கே யாரும் வெள்ளையைக் கொண்டுபோய் வைக்கவில்லை, இருந்ததை எடுத்திருக்கிறார்கள். நீர்வண்ணத்தில் வெண்மையை எப்படிக் கொண்டுவருவது என்பதை நீங்கள்தான் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்: தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். ரவிலியஸ் நீர் குறைந்த தூரிகையால் கோடு கோடாக இழுத்து, இடையிடையே தாளை மூச்சுவிட வைப்பவர். அவர் மரச்செதுக்கு ஓவியத்திலும் கைதேர்ந்தவர் என்பதையும் இத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதில் உளி எடுத்த இடம்தான் வெள்ளையாக அச்சாகும். (1938 முதல் விஸ்டன் கிரிக்கெட் ஆண்டிதழின் அட்டையில் வந்த, தொப்பியணிந்த அந்த ஆட்டக்காரர்களைச் செதுக்கியவர் இவரே, உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பிரதி இருந்த நினைவு.) குன்றை வெட்டியவனும் தாளை விட்டுவைத்தவனும் மரத்தைச் செதுக்கியவனும் செய்தது ஒரே வேலை என்று தெரிந்த பிறகு, அந்தக் காலி இருக்கைகளை என்னால் அலங்காரமாகப் பார்க்க முடியவில்லை.

காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். பிரிட்டன் போரில் இறங்கியது 1939 செப்டம்பரில். அடுத்த ஆண்டு, பகைவர் வந்திறங்கினால் வழி தெரியக் கூடாது என்று ஊர்ப் பெயர்ப் பலகைகளையும் கைகாட்டிகளையும் கழற்றினார்கள். விமானிகளுக்கு அடையாளமாகிவிடும் என்று அஞ்சி, இதேபோன்ற இன்னொரு குன்று உருவமான அஃபிங்டன் வெள்ளைக் குதிரையை மூடி மறைத்தார்கள். சசெக்ஸில், ரவிலியஸ் 1939இல் வரைந்த, வில்மிங்டன் நெடிய மனிதன் என்ற குன்று உருவத்துக்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள். நிலமே தன் முகத்தைத் துணியால் மூடிக்கொண்ட காலத்தில் இந்தச் சன்னல் திறந்திருக்கிறது. துப்பாக்கியோ சீருடையோ காட்டாமல் போரை இவ்வளவு அருகில் உணரவைத்த இன்னொரு நிலக்காட்சியை நான் கண்டதில்லை. மிகைப்படுத்துகிறேன் என்று நீங்கள் சிரிக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு அமைதியான படம் ஒரே மூச்சில் வரைந்தது அல்ல. ரயில் பெட்டியை வைத்து வரைந்த இரண்டு படங்கள் அவருக்குத் திருப்தி தராமற்போக, அவருடைய மனைவியும் தேர்ந்த ஓவியருமான டிர்சா கார்வுட் அவற்றை வெட்டி ஒட்டி ஒன்றாக்கினார். இது தெரிந்தபின் ஒட்டு எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன், அச்சில் பிடிபடவில்லை. படத்தை வாழ்த்தும்போது அந்தக் கத்தரிக்கோலையும் வாழ்த்த வேண்டாமா?

ரவிலியஸ் அரசின் போர்க்கால ஓவியராக நியமிக்கப்பட்டு, கப்பல்களையும் விமானங்களையும் இதே நிதானத்தோடு வரைந்தார். 1942 செப்டம்பர் 2 அன்று, காணாமற்போன விமானமொன்றைத் தேடி ஐஸ்லாந்திலிருந்து புறப்பட்ட விமானங்களில் ஒன்றில் ஏறினார். அது திரும்பவில்லை. அவருக்கு வயது 39.

வலக்கண்ணுக்கும் சிகிச்சை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் மாறி மாறி இந்தப் படத்தைப் பாருங்கள். பழைய கண்ணில் குதிரை எப்படித் தெரிகிறது, புதிய கண்ணில் எப்படித் தெரிகிறது என்று தவறாமல் எழுதுங்கள். அது வெறும் தாளா, மேலே ஏதேனும் சாயம் பட்டிருக்கிறதா என்பதில் எனக்கு இன்னும் ஐயம் தீரவில்லை.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்